பி.பி. 150/96. "டென்ஷனைக் குறைங்க" என்றால் சரியாக என்ன செய்வது?

கேள்வி: கோத்தகிரி கொளுந்து

அப்பாவுக்கு வயது 54. கோத்தகிரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் தேயிலை. போன வாரம் முகாமில் பார்த்ததில் பி.பி. 150/96. சர்க்கரை இல்லை, புகைப் பழக்கம் இல்லை. "டென்ஷனைக் குறைங்க, இரண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்பினார்கள்.

அவருடைய ஒரு நாள் இப்படி: இரவு 11 மணிக்குப் படுப்பார். காட்டெருமை தோட்டத்தில் இறங்கினால் நடுவில் இரண்டு தடவை எழுவார். காலை 5 மணிக்கு விழித்துவிடுவார். நாளைக்கு 8 டம்ளர் டீ. முதுகு வலிக்கு வாரத்தில் மூன்று நாலு நாள் டைக்ளோஃபெனாக். வாரம் இருமுறை ஒரு குவார்ட்டர். தூக்கம் வரும்வரை கையில் போன், அதில் இலை விலை பேசும் வாட்ஸ்அப் குழுக்கள்.

மூன்று சந்தேகம். மன அழுத்தம் உண்மையிலேயே இதயம், சிறுநீரகம் வரை போய்க் கெடுக்குமா, இல்லை அந்த நேரத்துப் படபடப்போடு முடிந்துவிடுமா? இலை விலையும் கடனும் நம் கையில் இல்லாதபோது "குறைப்பது" என்றால் எதை, எத்தனை நிமிடம்? மாத்திரை இல்லாமல் பி.பி. இறங்க வாய்ப்பு உண்டா?

பதில்: குன்னூர் செவிலி

முதலில் அந்த 150/96-ஐ நம்பலாமா என்று பார்க்கணும்மா. முகாமில் வரிசையில் நின்று, மேடு ஏறி வந்த மூச்சோடு, ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மேல் கையில் கட்டும் டிஜிட்டல் கருவி ஒன்று வாங்குங்க. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், கை இருக்கும் மட்டம் சற்று மாறினாலே எண் மாறும். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, டீ குடிக்கும் முன், மாத்திரை இருந்தால் அதற்கும் முன் எடுக்கணும். நாற்காலியில் முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில், கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காரணும். பேச்சு கூடாது, போன் கூடாது. கை மேசை மேல், பட்டை நெஞ்சின் மட்டத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. மாலையிலும் அதேபோல் இரண்டு. இப்படி ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியைச் சராசரி போடுங்க. வீட்டுச் சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால் முகாமில் பயத்தில் ஏறியது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே நின்றால் பி.பி. நிஜம்.

நம்ம மலையில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிவிட்டு அதற்குக் கீழே பட்டையைக் கட்டுவார்கள். சுருட்டிய துணி கையை இறுக்கும், எண் தப்பாக வரும். ஸ்வெட்டர் மேலேயே கட்டினாலும் தப்பு. ஒரு கையை முழுசாகக் கழற்றி, வெறும் தோலில் கட்டணும். அறை சில்லென்று இருந்தாலும் ரத்தக் குழாய் சுருங்கி எண் ஏறும், அதனால் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்து எடுக்காதீங்க. மார்கழி, தை மாத எண்கள் சித்திரை எண்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும். கை நெஞ்சு மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே தொங்கினால் 7, 8 புள்ளி கூடும். பட்டை சிறிதாக இருந்து கை தடிமனாக இருந்தாலும் கூடுதலாகத்தான் காட்டும்.

இன்னொன்று. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் இரண்டுமே உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தையும் உரசும். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் கூட்டு மாத்திரைகளில் ஃபினைல்எஃப்ரின் இருக்கும், அதுவும் குழாயைச் சுருக்கும். வாரத்தில் நாலு நாள் டைக்ளோஃபெனாக் போடுகிறவருக்கு "டென்ஷன்" என்று மட்டும் பெயர் வைத்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். முதுகுக்கு என்ன வழி என்று மருத்துவரிடம் தனியாகக் கேளுங்க. அதுவரை வெந்நீர் ஒத்தடம், இலை மூட்டையை ஒரே நடையில் தூக்காமல் இரண்டாகப் பிரிப்பது.

எண் 180/120-ஐத் தொட்டு, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஏதாவது வந்தால் காத்திருக்க வேண்டாம், 108.

பதில்: தொட்டபெட்டா தென்றல்

உங்கள் முதல் கேள்விக்கு: போய்க் கெடுக்கும். இரண்டு வழியில்.

நேர் வழி இது. தோட்டத்தில் காட்டெருமையின் கனைப்பு கேட்டதும் சில நொடிகளில் அட்ரினலின் சுரக்கிறது. துடிப்பு கூடும், குழாய் சுருங்கும், ஈரல் சர்க்கரையை ரத்தத்தில் விடும். கொஞ்ச நேரம் கழித்து கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறி, அந்த விழிப்பு நிலையை நீட்டித்து வைக்கும். ஓடவோ எதிர்க்கவோ இது தேவை, இதில் கேடு ஒன்றும் இல்லை. மாடு போனதும் எல்லாம் பழைய நிலைக்கு இறங்க வேண்டும். கடன் தவணையும் இலை விலையும் மாடு போல் போய்விடுவதில்லை, தலைக்குள்ளேயே நிற்கும். அதனால் இறக்கம் தாமதமாகிறது.

கவனிக்க வேண்டியது இரவை. நல்ல தூக்கத்தில் பி.பி. பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். இதயமும் குழாய்ச் சுவரும் ஓய்வெடுப்பது அந்த நேரத்தில்தான். தூக்கம் உடைந்தால் அந்த இறக்கம் குறைகிறது. இரவில் இறங்காத பி.பி. உள்ளவர்களுக்குப் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் சேதம் மூன்றின் ஆபத்தும் கூடுதல். ஆண்டுக்கணக்கில் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளுவதால் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் அடிபட்டு சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்கும். இது எதற்கும் வலி கிடையாது. அதனால் ஈ.சி.ஜி., கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், கொழுப்பு, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) ஆகியவற்றை இப்போது ஒரு தடவையும் பிறகு ஆண்டுக்கு ஒரு தடவையும் பார்த்துவிடுங்கள்.

சுற்று வழி இன்னும் பெரியது. கவலையில் இருப்பவர் குறைவாகத் தூங்குகிறார், டீயும் மதுவும் கூட்டுகிறார், ஊறுகாயும் மிக்சரும் கூடுகின்றன, மாத்திரை மறந்துபோகிறது. மாரடைப்பின் காரணங்களை 52 நாடுகளில் ஆராய்ந்து 2004-ல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, புகை, சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு மன அழுத்தத்தையும் ஒன்பது காரணிகளில் ஒன்றாக வைத்தது.

மாத்திரை பற்றி. உப்பை நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது சமையல், ஊறுகாய், நொறுக்குத் தீனி எல்லாம் சேர்த்துத் தட்டையாக ஒரு டீஸ்பூனுக்குள் கொண்டுவந்து, மதுவை விட்டு, தூக்கத்தைச் சீர்செய்து, வலி மாத்திரையையும் மாற்றினால் 150/96 கணிசமாக இறங்க நிறைய இடம் இருக்கிறது. இறங்காவிட்டால் மாத்திரை போட்டுக்கொள்வதில் தோல்வி எதுவும் இல்லை. "ஒரு தடவை ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது" என்று பயந்து மூன்று வருடம் ஓட்டுகிறவர்கள் சிறுநீரகத்தை விலையாகக் கொடுக்கிறார்கள். எண் இறங்கினால் மருத்துவரே அளவைக் குறைப்பார். தானாக நிறுத்துவது மட்டும் கூடாது. மாநில அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

பதில்: குந்தா பனி

தூக்கம், டீ, குளிர் இந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு டம்ளர் டீயில் ஏறக்குறைய 30 முதல் 40 மில்லிகிராம் காஃபீன். எட்டு டம்ளர் 300-க்குப் பக்கம். ஆரோக்கியமானவருக்கு 400 வரை பரவாயில்லை என்பார்கள், ஆக இங்கே மொத்த அளவைவிடக் கடைசி டம்ளரின் நேரம்தான் முக்கியம். உடம்பில் போன காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். கடைசி டீயை மதியம் 2 மணியோடு நிறுத்துங்கள். ஒரே நாளில் எட்டிலிருந்து மூன்றுக்கு இறக்கினால் தலைவலி வந்து மறுபடி ஏறிவிடும். மூன்று நாளுக்கு ஒரு டம்ளராகக் குறைத்தால் இரண்டு வாரத்தில் நாலு டம்ளருக்கு வந்துவிடலாம். மாலையில் கை சூடாக எதையாவது பிடித்தே ஆக வேண்டும் என்றால் சுக்கு மல்லி நல்லது, காபித்தூள் கலக்காமல். சர்க்கரையையும் எண்ணுங்கள்: டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் என்றால் எட்டு டம்ளரில் 60 கிராமுக்கு மேல், நாள் முழுக்கச் சேர்க்க வேண்டிய உச்ச அளவையே அது தாண்டிவிடுகிறது.

குவார்ட்டர் என்பது 180 மி.லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று கணக்குப் போட்டால் சுத்த ஆல்கஹால் மட்டும் 60 கிராம். சீக்கிரம் தூங்க வைக்கும், பிறகு இரவின் பின்பாதித் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும். அடுத்த நாள் பி.பி.யும் ஏறும். வாரம் இருமுறை என்பதால் நிறுத்துவதில் உடல்ரீதியான ஆபத்து இல்லை. தினமும் குடிக்கிறவராக இருந்தால் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம், மருத்துவர் துணை வேண்டும்.

காட்டெருமைக் காவல். தினமும் ஒருவரே எழுவதுதான் சிக்கல். பக்கத்துத் தோட்டக்காரரோடு ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைக்க முடிந்தால் வாரத்தில் மூன்று இரவாவது முழுத் தூக்கம் கிடைக்கும். முடியாவிட்டால் வீட்டுக்குள்ளேயே 1 மணிவரை ஒருவர், அதற்குப் பிறகு இன்னொருவர். உடையாத நாலு ஐந்து மணி நேரம் கிடைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். எழுந்து வந்தபின் உடனே தூக்கம் வராது, அது இயல்பு, அட்ரினலின் அடங்க நேரம் வேண்டும். மணி பார்க்காமல், போனைத் தொடாமல், மங்கலான வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டுக் கண் சொருகும்போது படுக்கட்டும். இரவு எப்படிப் போனாலும் காலை எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும், மதியம் 3 மணிக்கு முன் 20 நிமிடக் குட்டித் தூக்கம் போதும். தனியாக டார்ச்சோடு மாட்டுக்குக் கிட்டே போவதை எப்படியாவது தடுத்துவிடுங்கள்.

கால் சில்லென்று இருந்தால் தூக்கம் பிடிக்காது. படுக்க ஒரு மணி நேரம் முன்னால், கை பொறுக்கும் சூட்டில், அதாவது 40 டிகிரி அளவில், கணுக்கால் மூழ்க 10 நிமிடம் வெந்நீரில் வைத்து, நன்றாகத் துடைத்து சாக்ஸ் போடச் சொல்லுங்கள். பாதத்து ரத்தக் குழாய் விரிந்து உடலின் உள்சூடு வெளியேறும், அதுதான் மூளைக்குத் தூங்கச் சொல்லும் சமிக்ஞை. கரிக் கணப்பை மூடிய படுக்கை அறைக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். மலை ஊர்களில் பனிக்காலந்தோறும் இந்த எச்சரிக்கையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவது இருந்தால் அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். அப்படியானால் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது, அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

பதில்: கேத்தி பாதை

"எத்தனை நிமிடம்" என்று கேட்டிருந்தீர்கள். நாளைக்கு இருமுறை, தலா 10 நிமிடம்.

மூச்சை மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புள் மேல். தொப்புள் கை மட்டும் அசைய வேண்டும், தோள் ஏறக் கூடாது. வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயம் நிதானிக்கிறது.

எல்லோரும் செய்யும் தவறு, "ஆழமாக" என்று கேட்டதும் நெஞ்சு நிறைய இழுப்பது. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், "எனக்கு ஒத்துக்கலை" என்று விட்டுவிடுவார்கள். வேண்டியது மெதுவான மூச்சு. சாதாரணமாக இழுக்கும் அளவே போதும். சுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு இயல்பாக விட்டு, பிறகு 3-க்கு 4 என்று குறுகிய கணக்கில் தொடங்கலாம். பி.பி. உள்ளவர் மூச்சை உள்ளே அடக்கி நிறுத்தும் பயிற்சிகளைத் தவிர்க்கட்டும்.

இன்னொரு தவறு, படபடப்பு வந்தபிறகுதான் செய்வது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு. பிரேக்கை மட்டும் மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும், மேலே இருந்தே கீழ் கியரில் இறங்க வேண்டும். இதுவும் அப்படித்தான். மனம் சும்மா இருக்கும் வேளையில் நாலைந்து வாரம் பழகிய மூச்சுதான் தவணை நாளில் கைகொடுக்கும். பலனைப் பெரிதாக எண்ண வேண்டாம், மேல் எண்ணில் சில புள்ளிகள் இறங்கினால் நல்லது.

இரவுக்குத் தசை தளர்த்தல். 1920-களில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை. பாதம், கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம் என்று வரிசையாக ஒவ்வொன்றையும் 5 நொடி பாதிப் பலத்தில் இறுக்கி, 20 நொடி தளர்த்த வேண்டும். முழுப் பலத்தில் இறுக்கினால் மூச்சும் சேர்ந்து அடைபடும். குளிரில் கெண்டைக்காலை இறுக்கும்போது கால் விரலைக் கீழ்நோக்கி நீட்டினால் குரக்களி பிடிக்கும், விரலை முகத்தை நோக்கி மடக்குங்கள். தளர்கிற அந்த 20 நொடியைக் கவனிப்பதுதான் பயிற்சி, அவசரத்தில் அதைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

நடை தனியாக வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும். மூட்டையோடு ஏறுவது வேலை, அதில் இதயத்துக்கு நிதானம் கிடையாது. சுமையில்லாமல் வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிடம், மேட்டில் பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில்.

பதில்: இலைக்கணக்கு

கடனும் விலையும் கையில் இல்லைதான். அவற்றை நினைக்கும் நேரம் கையில் இருக்கிறது.

தேயிலை வாரியம் மாதம் ஒருமுறை பச்சைத் தேயிலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறது. ஏலத்தில் தூள் விற்ற பணத்தில் 65 சதவீதம் விவசாயிக்கு, 35 ஃபேக்டரிக்கு என்ற பங்கீட்டில் போடும் கணக்கு அது. அறிவிப்பு வரும் அந்த ஒரு நாள் பார்த்தால் போதும். குழுவில் தினமும் முப்பது தடவை பார்ப்பதால் கிலோவுக்கு ஒரு பைசா கூடாது. குழுக்களை ஊமையாக்கி, இரவு 8 மணிக்கு மேல் போன் சமையலறையில் சார்ஜில் இருக்கட்டும். வனத்துறைக்கு அழைக்கப் போன் வேண்டும் என்றால் ஒலி மட்டும் திறந்திருக்கட்டும்.

மாலை 5.30-க்கு 20 நிமிடம் கவலைக்கென்று ஒதுக்கட்டும். பழைய இலைக்கணக்கு நோட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் இந்த ஏழு நாளில் ஏதாவது செய்ய முடிந்தவை, வலப்பக்கம் முடியாதவை. இடப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சிறிய செயல், ஒரு கிழமை: "வியாழன், வங்கியில் தவணை மாற்றம் கேட்பது". கடன்களை ஒரே தாளில் எழுதணும்: யாருக்கு, பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, அடுத்த தேதி எது. அடகுச் சீட்டின் கெடு தேதியும் அதில் வரட்டும். தலைக்குள் இருக்கும்போது எல்லாக் கடனும் ஒரே பெரிய கடனாகத் தெரியும், தாளில் வந்ததும் எதற்கு முதலில் கட்டுவது என்பது தெரிந்துவிடும். இரவில் ஏதாவது வந்தால் ஒரு வரி குறித்துவிட்டு நாளை 5.30-க்குத் தள்ளட்டும். படுக்கையில் வைத்து எழுதக் கூடாது, 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, குடித்த நாளில் செய்யவே கூடாது.

ஒன்றைக் கவனித்துக்கொண்டே இருங்கள் அம்மா. இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் எதிலும் பிடிப்பில்லை, மனம் தாழ்ந்தே இருக்கிறது என்றால் அது டென்ஷன் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு. அரசின் மனநல உதவி அழைப்பான டெலிமானஸ் எண் 14416, கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். மாநிலத்தின் சுகாதார உதவி எண் 104-ம் உண்டு. "நான் இல்லாட்டி எல்லாம் சரியாயிடும்" போன்ற பேச்சு வந்தால் நேரடியாக, தயங்காமல் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அன்றைக்கே பூச்சி மருந்து, களைக்கொல்லி டப்பாக்களை வீட்டிலிருந்து அகற்றுங்கள், அல்லது பூட்டி, சாவியை வெளியே ஒருவரிடம் கொடுங்கள். தனியாக விடவும் வேண்டாம்.

கோத்தகிரி கொளுந்து

எல்லோருக்கும் நன்றி. இன்று கருவி வந்தது. இடது கையில் 144/90, வலது கையில் 150/92. எந்தக் கையை எழுதுவது?

குன்னூர் செவிலி

முதல் நாள் இரண்டு கையிலும் பார்த்தது நல்லதும்மா. எண் கூடுதலாக வரும் கையையே இனி எப்போதும் எடுங்க, அப்பாவுக்கு வலது. மேல் எண்ணில் 10-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லணும், ஒரு கையின் குழாய் குறுகியிருக்கலாம். ஆறு என்பது சாதாரணம்.

ஏழு நாளும் வந்த எண்ணை அப்படியே எழுதுங்க. அதிகம் வந்ததை விட்டுவிட்டு மறுபடி எடுத்து நல்லதை மட்டும் எழுதக் கூடாது. டைக்ளோஃபெனாக் போட்ட நாள், காவலுக்கு எழுந்த இரவு இரண்டையும் ஓரத்தில் குறியுங்க. போகும்போது அந்தத் தாளோடு கருவியையும் எடுத்துப்போங்க, அங்கே இருக்கும் கருவியோடு ஒருமுறை ஒப்பிட்டுத் தருவார்கள்.